அம்மாவுக்கு மாதம் 9,800. கூலியை ஏற்றினால் ஆளைக் குறைப்பேன் என்கிறார் முதலாளி. எதை நம்புவது?

வில்லாபுரத்தான் | ஞாயிறு இரவு 10.50

வணக்கம். அம்மா மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார், ஏழு வருஷமாக. நிற்கிறார் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு மிஷினில் விரல் வைத்து உள்ளே போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே, நடுவில் சாப்பிட அரை மணி நேரம், மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. ஆடிக்கும் தீபாவளிக்கும் அந்த இரண்டு நாளும் கிடையாது. கையில் கிடைப்பது 9,800. வாடகை 4,500 போக மிச்சத்தில் நான், அம்மா, அம்மாச்சி மூன்று பேர். ரேஷன் அரிசி இருக்கிறது, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வருகிறது, பஸ்ஸுக்குக் காசில்லை, அதனால் எப்படியோ ஓடுகிறது. நான் பாலிடெக்னிக் கடைசி வருஷம்.

போன வெள்ளிக்கிழமை கடை அடைத்த பிறகு நாற்பது பேரையும் மாடியில் கூட்டி வைத்து முதலாளி பேசியிருக்கிறார். "புதுச் சட்டம் வந்திருக்கு, குறைந்தபட்சக் கூலியை ஏத்தச் சொல்லுவாங்க, ஏத்தினா முப்பது பேருக்குத்தான் என்னால சம்பளம் போட முடியும், அந்தப் பத்துப் பேர் யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை, "ஏத்தாம இருந்தாலே போதும்டா." இது எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சம்பளம் கூடினால் கெடுதல் என்று ஒரு மனுஷி நினைக்கிற அளவுக்குப் பயமுறுத்தியிருக்கிறார்.

கேள்வி இரண்டு. நிஜமாகவே கூலி ஏறினால் வேலை போகுமா, இல்லை இது சும்மா மிரட்டலா? அப்புறம், அம்மாவுக்குச் சட்டப்படி எவ்வளவு வரவேண்டும், அதை எங்கே பார்ப்பது?

செல்லூர்_பரோட்டா | ஞாயிறு இரவு 11.58

தம்பி, இப்போதான் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலாளி பக்கத்திலிருந்தும் ஒருத்தன் பேசணுமில்லையா, அதனால் எழுதுகிறேன். நான் பெரிய முதலாளி இல்லை, சாயங்காலக் கடை, ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள்.

மாஸ்டருக்கு நாளைக்கு 1,100, இரண்டு வேளைச் சாப்பாடு, அது போக வெற்றிலை பாக்குக்குத் தனி. அவருக்கு எந்தச் சட்டமும் வேண்டாம், கேரளாவுக்குப் போறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நானே நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். சால்னா போடுகிறவரும் அப்படித்தான். சட்டம் யாருக்கு என்றால் இலை எடுக்கிற இரண்டு அம்மாக்களுக்கு. அவர்களுக்கு 350 கொடுக்கிறேன், அஞ்சு மணிக்கு வந்து பதினொன்றரைக்குப் போவார்கள். கூலி பத்தாது என்று எனக்கே தெரியும். ஆனால் பரோட்டா 15 ரூபாய்க்குப் போடுகிறேன், நான் மட்டும் 17 ஆக்கினால் மறுநாள் எதிர்க்கடையில்தான் கூட்டம் நிற்கும். எல்லாரும் ஏற்றினால் நானும் ஏற்றுகிறேன். ஒருத்தன் மட்டும் நல்லவனாக இருக்கிறது நம்ம ஊர்த் தொழிலில் நடக்கிற காரியம் இல்லை.

உங்கள் அம்மாவின் முதலாளி சொல்வதை நான் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது பேர் நிற்கிற கடையில் பத்துப் பேரை எடுத்தால் முகூர்த்த நாளில் யார் சேலை பிரித்துக் காட்டுவது? என்னிடம் ஆறு பேரில் ஒருத்தர் வராவிட்டால் நான்தான் இலை எடுக்கிறேன்.

பொருளாதாரம்_படிக்கிறேன் | திங்கள் காலை 7.15

முதல் கேள்விக்கு மட்டும். கூலி ஏறினால் வேலை குறையும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு கோடு வரைந்து காட்டுகிற விஷயம். அதை நேரில் போய்ச் சோதித்துப் பார்த்தவர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும். 1992இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்திலிருந்த பென்சில்வேனியா ஆக்கவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த நானூற்றுச் சொச்சம் துரித உணவுக் கடைகளில் கூலி ஏறுவதற்கு முன்னும் பின்னும் ஆள் கணக்கு எடுத்தார்கள். ஏற்றிய பக்கம் ஆள் குறையவில்லை. 1994இல் கட்டுரை வந்தபோது பெரிய சண்டை, அப்புறம் 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு. அதற்காக எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை, அளவு இருக்கிறது.

பரோட்டா அண்ணனுக்கு ஒரு கணக்கு. நாளைக்கு எத்தனை பரோட்டா போகும்?

செல்லூர்_பரோட்டா | திங்கள் காலை 9.40

நியூ ஜெர்சியும் நம்ம சிம்மக்கல்லும் ஒன்றா தம்பி. சரி, 600 போகும்.

பொருளாதாரம்_படிக்கிறேன் | திங்கள் காலை 9.52

அந்த இரண்டு அம்மாக்களுக்கும் ஆளுக்கு நூறு ரூபாய் கூட்டுங்கள். நாளைக்கு 200. அதை 600 பரோட்டாவில் பிரித்தால் ஒன்றுக்கு 33 காசு. 17 ரூபாய் ஆக்கவே வேண்டாம், 16 போதும், அதிலும் மிச்சம் வரும்.

செல்லூர்_பரோட்டா | திங்கள் காலை 10.05

மழை நாளில் 250தான் போகும், அன்றைக்கு 80 காசு. இருந்தாலும் நீ சொல்கிற கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை, அது உண்மை. மைதா மூட்டைக்கும் சிலிண்டருக்கும் போட்டுப் பார்ப்பேன், இதற்குப் போட்டதில்லை. ஆனால் எதிர்க்கடைக்காரனும் 16 ஆக்கணும். அதை யார் செய்ய வைப்பது, அதைச் சொல்லு.

கணக்கு_எழுதுபவன் | திங்கள் இரவு 9.30

இதைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். நான் கடைகளுக்குச் சம்பள ரெஜிஸ்டர் எழுதிக் கொடுக்கிறவன், இருபது வருஷமாக. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். நான் எழுதிய ரெஜிஸ்டர்களில் மதுரையில் ஒருத்தர்கூட எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்ததில்லை. ஒருத்தரும் வார லீவைத் தவறவிட்டதில்லை. எல்லாருக்கும் அரசாங்கம் சொன்ன கூலி காசு குறையாமல் போயிருக்கிறது. கீழே கையெழுத்தும் இருக்கும்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி இரண்டு பகுதி: அடிப்படை ஊதியம் ஒன்று, அகவிலைப்படி ஒன்று. சென்னை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும். அதாவது கூலி வருஷா வருஷம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நானும் வருஷா வருஷம் ரெஜிஸ்டரில் புது எண்ணை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இனிமேல் வரப்போகிற உயர்வைக் காட்டி முதலாளி பயமுறுத்துகிறார், ஆனால் ஏற்கனவே ஏறிய உயர்வு அவருடைய மேசை டிராயரிலேயே இருக்கும், அம்மாவின் கையெழுத்தோடு. அம்மாவிடம் கேளுங்கள், மாதக் கடைசியில் தொகை எழுதாத இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்களா என்று.

இப்போது நேரக் கணக்கு. மாதம் 28 நாள், நாளைக்கு 11 மணி நேரம், மொத்தம் 308. 9,800ஐ 308ஆல் வகுத்தால் மணிக்கு 31 ரூபாய் 80 காசு. எட்டு மணி நேரத்துக்கு 254 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலியே 336 (அளவு எடுத்துக் குறைத்துக் கொடுப்பார்கள், அது வேற கதை). தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்து இருக்கிறது, நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் பார்த்தால் இரட்டைச் சம்பளம். அந்த 336ஐயே வைத்துப் பாருங்கள்: மணிக்கு 42. எட்டு மணிக்கு 336, மிச்சம் மூன்று மணிக்கு 84 வீதம் 252, ஆக நாளைக்கு 588. 26 நாளைக்கு 15,288. வார லீவில் வந்த நாளைச் சேர்க்கவே இல்லை. இது கடைக்கு உரிய விகிதம் இல்லை, அது வேலை வகையும் ஊர் வகையும் பார்த்து மாறும், இங்கே ஒரு எண்ணைச் சொல்லி உங்களைத் தப்பாகச் சிக்கவைக்க விரும்பவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கடைகளுக்கான இந்த வருஷ ஏப்ரல் பட்டியலைக் கேளுங்கள், ஜவுளிக் கடை விற்பனையாளர் என்று சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள்.

ஒன்று கவனித்தீர்களா, கூலி விகிதம் ஒரு ரூபாய்கூட ஏறாமல், நேரத்தை ஒழுங்காக எண்ணினாலே ஐந்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. எல்லாரும் விகிதத்தைப் பற்றியே பேசுகிறோம்.

புதுச் சட்டம் என்று அவர் சொன்னது 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தது. அதில் பாக்கி கேட்க மூன்று வருஷம் அவகாசம், பழைய 1948 சட்டத்தில் ஆறே மாதம்தான். கொடுத்தேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு முதலாளி மேல். அதிகாரி நினைத்தால் பாக்கியோடு அதைப்போலப் பத்து மடங்கு வரை நஷ்டஈடு போடலாம். முதலாளி மாடியில் கூட்டம் போட்டதற்குக் காரணம் இதுவாக இருக்கும் என்பது என் ஊகம்.

பத்துப் பேரை நிறுத்துகிற விஷயமும் அவ்வளவு சுலபம் இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நிறுத்த முடியாது, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்தச் சம்பளம் தரணும். ஐந்து வருஷம் தாண்டியிருப்பதால், வேலையை விடும்போது தருகிற பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: 9,800ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஏழு வருஷத்தால் பெருக்கினால் 39,577. பத்துப் பேருக்கும் இதே மாதிரி எண்ணிக் கொடுப்பாரா என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) நம்பர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், நாற்பது பேர் கடையில் கட்டாயம் இருக்கணும்.

ரெண்டாம்_மாடி | திங்கள் இரவு 11.20

நானும் ஜவுளிக் கடைதான், சுடிதார் பிரிவு, வேற கடை. மேலே அண்ணன் சொன்ன ரெஜிஸ்டர் பழைய கதை. இப்போது பேங்க். எங்களுக்குக் கணக்கில் 13 ஆயிரத்துச் சொச்சம் விழும், ஃபோனில் மெசேஜ் வரும், பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். மறுநாள் காலையில் மூவாயிரத்தைக் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற ரூமில் எண்ணிக் கொடுக்கணும். ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள், அதில் பெயருக்கு நேரே டிக். பில் கிடையாது, ஒன்றும் கிடையாது. சில பிள்ளைகளின் ஏ.டி.எம். கார்டே அங்கேதான் இருக்கிறது, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குகிற பிள்ளைகள்.

இது போக பத்து நிமிஷம் லேட் என்றால் அரை நாள் சம்பளம் கட். ராத்திரி ஒரு மணி நேரம் கூட நின்றால் அதற்குக் கணக்கு இல்லை, காலையில் பத்து நிமிஷத்துக்கு மட்டும் கணக்கு உண்டு.

உட்காருகிற சட்டம் ஒன்று 2021இல் வந்ததே, நம்ம தமிழ்நாட்டில்தான், கடைக்குக் கடை இருக்கை போடணும் என்று. எங்கள் மாடியில் நாலு ஸ்டூல் வந்தது. முதல் வாரம் உட்கார்ந்தோம். அப்புறம் சூப்பர்வைசர் அதில் துணிக்கட்டு அடுக்கினார், இன்றைக்கு வரைக்கும் துணிக்கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு 34 வயது, முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடக்கிறது.

தம்பி, அம்மாவை உடனே போய்ப் புகார் கொடு என்று யாராவது சொன்னால் கேட்காதே. எங்கள் கடையில் ஒரு அக்கா தனியாகக் கேட்டார், மறுநாளே கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், தூசியில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் தானாகவே நின்றுகொண்டார். நோட்டீஸும் இல்லை, நோட்டீஸ் சம்பளமும் இல்லை, ஏனென்றால் அவர்தான் "நின்றுகொண்டார்". இப்படித்தான் ஆளை எடுப்பார்கள். நீ செய்ய வேண்டியது, வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளுக்குப் பின்னால் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதச் சொல். தாளைக் கிழித்துப் போடாமல் கிளிப் போட்டு வை. அம்மாவோடு நிற்கிறவர்கள் நாலைந்து பேரும் எழுதட்டும், ஒருத்தர் தாள் என்றால் பொய் என்பார்கள்.

பழைய_யூனியன் | செவ்வாய் காலை 6.10

எங்கள் அப்பா ஹார்வி மில்லில் இருந்தவர். மில் சங்கு ஊதினால் ஊருக்கே மணி தெரியும், ஊதிய பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தாலும் ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) எழுதணும். அதை எழுத வைத்தது சட்டம் இல்லை, சங்கம். சரி, பழைய பெருமை போதும்.

குறைந்தபட்சக் கூலிக்குக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் முடிவு செய்தார்கள். சம்பாதிக்கிறவர் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் 0.6 வீதம், மொத்தம் மூன்று பங்கு. பங்குக்கு நாளைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை தனி, விளக்கு எரிபொருள் மாதிரிச் செலவுகளுக்கு 20 சதவீதம். பிள்ளைகள் படிப்பு, வைத்தியம் இதற்கெல்லாம் இன்னொரு 25 சதவீதம் சேர்க்கணும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கில் சம்பாதிக்கிறவர் ஆண், மனைவி வீட்டில். தம்பி வீட்டில் சம்பாதிப்பதே அம்மா, சாப்பிடுவதில் அம்மாச்சியும் உண்டு, அம்மாச்சிக்கு அதில் பங்கே இல்லை. 72 கெஜம் துணியை அம்மா ஒரு நாள் காலையிலேயே பிரித்து மடித்திருப்பார்.

மத்திய அரசு 2017இல் தேசத் தரைக்கூலி என்று நாளைக்கு 176 ரூபாய் வைத்தது, யாரையும் கட்டுப்படுத்தாத எண். 2019இல், அதே அரசு அமைத்திருந்த சத்பதி நிபுணர் குழு அதை 375 ஆக்கச் சொன்னது, மாதம் 9,750. அம்மாவுக்கு 9,800, பார்த்தால் ஐம்பது ரூபாய் கூடுதல் மாதிரித் தெரியும். ஆனால் அது 2018 ஜூலை விலைக்குப் போட்டது, அதுவும் எட்டு மணி நேர வேலைக்கு. நகரத்தில் வீட்டு வாடகைக்கு மாதம் 1,430 தனியாகக் கொடுக்கணும் என்றும் அதே குழு சொன்னது.

பரோட்டாக் கடைக்காரருக்கு: எதிர்க்கடையையும் 16 ஆக்க வைப்பது யார் என்று கேட்டீர்களே, குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தரை. அதைப் போட்டுவிட்டு யாரும் வந்து பார்க்காததால்தான் நீங்கள் நல்லவனாக இருக்கப் பயப்படுகிறீர்கள். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்குகிற வேலை அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய வேலைதான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் தாண்டிவிட்டது.

தம்பி, ஒரு வழி இருக்கிறது. புகாரை அம்மா பெயரில் கொடுக்க வேண்டும் என்றில்லை. பதிவு பெற்ற சங்கமும் மனுப் போடலாம், ஆய்வாளரும் போடலாம். நாலைந்து பேர் சேர்ந்தால் வாருங்கள், கடை பெயரை இங்கே எழுத வேண்டாம்.

செல்லூர்_பரோட்டா | செவ்வாய் பகல் 12.30

யூனியன் அண்ணே, அடித்துவிட்டீர்கள். எதிர்க்கடைக்காரன் எனக்கு மச்சான் முறைதான், இன்றைக்குச் சாயங்காலம் பேசிப் பார்க்கிறேன். அவன் 16க்கு ஒத்துக்கொண்டால் அந்த அம்மாக்களுக்கு 50 கூட்டுகிறேன். நூறு என்று இப்போது சொல்லமாட்டேன், மழைக்காலம் தாண்டட்டும்.

பொருளாதாரம்_படிக்கிறேன் | செவ்வாய் பகல் 12.41

ஒரு ரூபாய் ஏற்றினால் நாளைக்கு 600 வரும் அண்ணே, இரண்டு பேருக்கு 50 என்றால் 100தான் போகும்.

செல்லூர்_பரோட்டா | செவ்வாய் பகல் 12.44

தம்பி நீ கடைக்கு வா, உனக்கு மட்டும் 20 ரூபாய்.

வில்லாபுரத்தான் | புதன் இரவு 11.05

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் ஒன்றொன்றாகக் கேட்டேன். கையெழுத்து, ஆமாம், தொகை இல்லாத இடத்தில்தான், ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்குமாம். ஈ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறது, ஆனால் கார்டை அவர் பார்த்ததே இல்லை. பணிக்கொடை என்ற வார்த்தையே இப்போதுதான் கேள்விப்படுகிறார். 39,577 என்று சொன்னதும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம், "அது வேலையை விட்டாத்தான வரும்?" என்றார்.

ரெண்டாம் மாடி அக்கா சொன்ன மாதிரி காலண்டர் தாளில் எழுதச் சொன்னேன். முதலில் சிரித்தார். இன்றைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே பேனாவைத் தேடினார். 9.28, 9.20 என்று எழுதியிருக்கிறார், பக்கத்திலேயே சின்னதாக "வளையல் செட் எண்ணியது" என்றும் எழுதியிருக்கிறார், அதனால்தான் இருபது நிமிஷம் லேட்டாம்.

கணக்கு அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த மூன்று வருஷம் என்பது வேலையில் இருக்கும்போதே கேட்கணுமா, விட்ட பிறகும் கேட்கலாமா?

கணக்கு_எழுதுபவன் | புதன் இரவு 11.31

விட்ட பிறகும் கேட்கலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அது வரவேண்டிய நாளிலிருந்து எண்ணணும். தள்ளிப்போடப் போட பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும், அதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

வில்லாபுரத்தான் | புதன் இரவு 11.40

சொன்னேன் அண்ணே. கூட நிற்கிற மூன்று பேரிடம் பேசிவிட்டு யூனியன் ஐயாவைப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்கிறார்.